டைட்டானிக் பக்கத்தில் ஒரு கட்டுமரம்

1998 மார்ச் 23-ம் தேதி ராத்திரி, லாஸ் ஏஞ்சலீஸில் ஆஸ்கர் விழா. 'டைட்டானிக்' படம் 11 விருதுகளை மூட்டை கட்டிக்கொண்டு போன வருஷம். அமெரிக்காவில் மட்டும் 5 கோடிக்கும் மேற்பட்ட ஜனங்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சிறந்த பாடலுக்கான போட்டியில் 5 பாட்டுகள். நடுவில் ஒரு ஆசாமி மேடைக்கு வந்தார்.

வெள்ளை சூட். வேறு யாருக்கோ தைத்ததை இவர் இரவல் வாங்கி மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு தோற்றம். எண்ணெய்ப் பசையில் படிந்த தலை. கையில் ஒரு சாதா கிட்டார். புகை இல்லை, வெடி இல்லை, பின்னால் ஆடும் பெண்கள் இல்லை. விழாவின் வாத்தியக் கோஷ்டி மட்டும் கொஞ்சம் இழைத்தது. நேரமில்லை என்று சுருக்கப்பட்ட பாட்டை, பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துவிடுவாரோ என்று பயந்த குரலில் பாடிவிட்டுப் போய்விட்டார்.

பரிசு? கேட்க வேண்டுமா? கவரைப் பிரித்த மடோனா, "அடடா, என்ன ஒரு அதிர்ச்சி!" என்கிற மாதிரி ஒரு கிண்டலை உதிர்த்துவிட்டு டைட்டானிக் பாட்டின் பெயரை வாசித்தார். ஸெலின் டியான் பாடியதுதான். நம் ஊர் கல்யாண ரிசப்ஷன்களில் இன்று வரை கீபோர்டுக்காரர்கள் விடாமல் வாசிக்கிறார்களே, அதே பாட்டு.

தோற்றவர் பெயர் எல்லியட் ஸ்மித். பாட்டின் பெயர் 'மிஸ் மிஸரி'. தமிழில் 'செல்வி துயரம்' என்று போட்டால் ரேஷன் கார்டில் வரும் பெயர் மாதிரி ஆகிவிடும், அப்படியே விட்டுவிடலாம்.

அந்த 2 நிமிஷ சொச்சம் இன்றைக்கும் யூட்யூபில் கிடைக்கிறது. ஒரு தடவை பாருங்கள். பிரம்மாண்டமான ஒரு கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டுமரம் வந்து நிற்பதைப் பார்த்த மாதிரி இருக்கும். இத்தனை வருஷம் கழித்து நான் கப்பலை விட்டுவிட்டுக் கட்டுமரத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றால், அதற்குக் காரணம் இருக்கிறது.

* * *

முதலில் ஜாதகம். பிறந்தது 1969-ல், நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவில். பெற்றோர் வைத்த பெயர் ஸ்டீவன் பால் ஸ்மித். ஸ்டீவ் என்றால் கால்பந்து ஆடுகிறவன் மாதிரி இருக்கிறது, ஸ்டீவன் என்றால் புத்தகப் புழு மாதிரி இருக்கிறது என்று இரண்டையும் தள்ளிவிட்டு எல்லியட் ஆகிவிட்டார். வளர்ந்தது டெக்சாஸில். வீட்டில் மாற்றாந்தந்தை; ஒத்துப்போகவில்லை. 14 வயதில் சொந்த அப்பாவிடம் போர்ட்லண்டுக்குக் குடிபெயர்ந்தார். அப்பா மனநல மருத்துவர். (மகனைப் பற்றிப் பிற்பாடு எழுதியவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பெருமூச்சு விடுவது வழக்கம்.) காலேஜில் தத்துவமும் அரசியல் விஞ்ஞானமும் படித்துவிட்டு 1991-ல் வெளியே வந்தார். அந்தப் படிப்புக்கு எந்த ஊரில் வேலை கிடைக்கும்? பேக்கரி, கட்டட வேலை என்று கிடைத்ததைச் செய்தார்.

போர்ட்லண்ட் என்பது அமெரிக்காவின் மேற்குக் கரையோரம், ஆரெகன் மாநிலத்தில் மழை பெய்துகொண்டே இருக்கும் ஊர். வடக்கே சுமார் 280 கிலோமீட்டர் போனால் சியாட்டில். 1991-ல் சியாட்டில் பக்கத்துப் பையன்களின் 'நிர்வாணா' கோஷ்டி உலகத்தையே உலுக்கியது நினைவிருக்கலாம். கிழிந்த ஜீன்ஸ், கிழிந்த தொண்டை, காது ஜவ்வைக் கிழிக்கும் கிட்டார். அந்தப் பிராந்தியத்தில் கிட்டார் வைத்திருந்த அத்தனை பையன்களும் கத்த ஆரம்பித்தார்கள். நம்ம ஆளும் கத்தினார். 'ஹீட்மைஸர்' என்று ஒரு கோஷ்டி. உள்ளூர் கிளப்புகளில் ராத்திரி ராத்திரி சத்தம்.

ராத்திரி கத்திவிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்தார் என்பதுதான் விஷயம். தோழி வீட்டு பேஸ்மென்ட்டில், ஒரு நாலு ட்ராக் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, தனக்குத் தானே முணுமுணுத்துப் பதிவு செய்துகொண்டிருந்தார். யாரிடமும் விற்கிற உத்தேசமில்லை. உள்ளூர் கம்பெனியான கேவிட்டி ஸர்ச் காதில் அது விழுந்தது. ஒரு சின்ன ரெக்கார்டாக ஒன்றிரண்டு பாட்டு போடுவார்கள் என்று இவர் நினைத்தார். மொத்தத்தையும் அப்படியே போடலாம் என்றார்கள் அவர்கள். 1994-ல் 'ரோமன் கேண்டில்' வந்தது. மொத்தம் 9 பாட்டு. அதில் 4 பாட்டுக்குப் பெயரே வைக்கவில்லை. 'நோ நேம் 1', 'நோ நேம் 2' என்று நம்பர் போட்டுவிட்டார், ஆபீஸில் சப்ஜெக்ட் தெரியாத ஃபைலுக்கு நாம் நம்பர் போடுவதைப் போல.

* * *

நாலு ட்ராக் ரெக்கார்டர் என்றால் என்ன என்று இளைஞர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கேசட் பார்த்திருப்பீர்கள், குறைந்தபட்சம் அப்பாவின் பீரோவில். அதன் நாடாவில் ஏ பக்கத்துக்கு இடது வலது என 2 தடம், திருப்பிப் போட்டால் பி பக்கத்துக்கு 2 தடம். ஆக 4. 1979-ல் டாஸ்காம் கம்பெனி ஒரு காரியம் செய்தது. அந்த 4 தடத்தையும் ஒரே திசையில், தனித்தனியாகப் பதிவு செய்கிற யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதல் தடத்தில் கிட்டார் வாசித்துக்கொள்ளலாம். அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவதில் பாடலாம். மூன்றாவதில் இன்னொரு கிட்டார். ஸ்டூடியோவே வேண்டாம், பொறுமை மட்டும் வேண்டும். ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் மாதிரி பெரிய புள்ளியே 1982-ல் 'நெப்ராஸ்கா' ஆல்பத்தை வீட்டில் இப்படிப்பட்ட ஒரு யந்திரத்தில்தான் பதிவு செய்தார். இன்று லேப்டாப்பில் ஆயிரம் தடம் வருகிறது. பொறுமைதான் வருவதில்லை.

எல்லியட்டின் சூட்சுமம் இந்தத் தடங்களில் இருக்கிறது. ஒரு வரியைப் பாடுவார். பிறகு அதே வரியை, அதே மூச்சில், அதே நெளிவோடு இன்னொரு தடவை பாடுவார். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிடுவார், பல சமயம் ஒன்றை இடது பக்கமும் இன்னொன்றை வலது பக்கமும் ஒதுக்கி. கிட்டாருக்கும் இதே வைத்தியம். இது பழைய வித்தைதான். ஆனால் சிரமமான வித்தை. ஒரே மாதிரி இரண்டு தடவை பாட அலுத்துக்கொண்டார் ஜான் லெனன். அதற்காகவே 1966-ல் லண்டன் ஸ்டூடியோ இஞ்சினீயர் கென் டவுன்ஸென்ட், ஒரு தடவை பாடினால் இரண்டு குரலாக்கித் தரும் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார் என்பது சரித்திரம். பீட்டில்ஸ் பைத்தியமான எல்லியட் அந்தக் குறுக்கு வழியில் போகாமல் திரும்பத் திரும்பத் தானே பாடினார். 1999-ல் வந்த 'அமெரிக்கன் பியூட்டி' படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது பீட்டில்ஸின் 'பிகாஸ்' பாட்டு வருமே, வாத்தியமே இல்லாமல் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பாடுகிற மாதிரி? அத்தனை பேரும் இவர் ஒருத்தர்தான்.

இரண்டு குரலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஏறக்குறையத்தான். மயிரிழை வித்தியாசம். அந்த மயிரிழையில்தான் சங்கதி இருக்கிறது. தனியாக இருக்கும்போது மனசுக்குள் நாம் பேசிக்கொள்கிறோமே, அப்போது ஒருத்தர் பேசுவதில்லை. ஒருத்தர் சொல்ல இன்னொருத்தர் ஆமாம் போடுகிறார், இல்லை கொஞ்சம் தயங்குகிறார். ஹெட்ஃபோனில் கேட்டால் அந்தச் சத்தம்தான் கேட்கும்.

என் பக்கத்து சீட் நண்பரிடம் இதைப் பரீட்சை செய்து பார்த்தேன். லஞ்ச் இடைவேளை. "என்ன சார், கண்ண மூடிக்கிட்டு?" என்றார். ஒரு இயர்ஃபோனைக் கழற்றி நீட்டினேன். அரை நிமிஷம் கேட்டார். முகம் சுருங்கியது.

"என்ன சார் இவன், பக்கத்து ரூம்ல கொழந்த தூங்கற மாதிரி பாடறான்?"

எல்லியட் ஸ்மித்தைப் பற்றி எத்தனையோ விமரிசனம் படித்திருக்கிறேன். ஒன்பது வார்த்தையில் இதைவிடக் கச்சிதமாக யாரும் சொன்னதில்லை. "இன்னொரு காதையும் வச்சுக்கங்க, ஒரு காதுல கேட்டா பாதி ஆளுதான் கேப்பான்" என்று மற்றதையும் கொடுத்தேன். தயிர் சாதத்தைக் கிளறியபடி கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது மெதுவாக,

"சார், நேத்து ஒரு பாட்டு... பேர் என்ன?"

"பேர் இல்லை."

"தெரியாதா?"

"தெரியும். பேரே 'பேர் இல்லை'தான். மூணாம் நம்பர்."

நான் காலங்கார்த்தாலேயே நக்கல் பண்ணுகிறேன் என்று இரண்டு நாள் பேசவில்லை.

* * *

எல்லியட்டை 'உள்ளூர்ப் பாடகர்' என்று நான் சொல்வதில் குறைவு எதுவும் இல்லை. அவருடைய பாட்டுகளில் போர்ட்லண்டின் விலாசம் இருக்கிறது. 'காண்டர் அவென்யூ', 'அலமீடா' இரண்டும் அந்த ஊர் ரோடுகள். பாட்டுக்கே அதுதான் தலைப்பு. போர்ட்லண்டுக்கு ரோஜா நகரம் என்று செல்லப் பெயர். 1907-லிருந்து வருஷா வருஷம் ரோஜாத் திருவிழா, பூ அலங்கார ஊர்வலம். அதைப் பற்றி 'ரோஸ் பரேட்' என்று ஒரு பாட்டு. ஊரே கைதட்டும்போது ஓரமாக நின்று முணுமுணுக்கிற ஒருத்தன் பாடுவது. நம்ம ஊரில் தேரோட்டத்துக்குப் போய்த் தேரைப் பார்க்காமல் பலூன்காரனையே பார்த்துக்கொண்டு நிற்கிற ஒருத்தன் உண்டல்லவா? அவன்தான். இதில் அழுகை கிடையாது. லேசான குசும்பு இருக்கிறது.

அந்த ஊரில் அப்போது இன்னொரு ஆசாமியும் குடியிருந்தார். டைரக்டர் கஸ் வான் ஸான்ட். எல்லியட்டின் மூன்றாவது ஆல்பம் 'ஐதர்/ஆர்' 1997-ல் வந்தது. (தலைப்பு டென்மார்க் தத்துவ ஞானி கீர்க்ககார்ட் 1843-ல் எழுதிய புத்தகத்தின் பெயர். தத்துவப் படிப்பு வீண் போகவில்லை.) கஸ் வான் ஸான்ட் அப்போது 'குட் வில் ஹண்ட்டிங்' எடுத்துக்கொண்டிருந்தார். காலேஜில் தரை துடைக்கிற பையன் கணித மேதையாக இருக்கிற கதை. கும்பகோணத்து ராமானுஜன் பெயர்கூட அந்தப் படத்தில் ஒரு காட்சியில் வரும். மேதைப் பையனின் தனிமைக்கு என்ன இசை போடுவது என்று யோசித்த டைரக்டர், உள்ளூர்க்காரரின் பழைய பாட்டுகளையே எடுத்துப் போட்டார். கூட, படத்துக்கென்று ஒரு பாட்டு: 'மிஸ் மிஸரி'. அப்படித்தான் பேஸ்மென்ட்டிலிருந்து ஒரே தாவலில் ஆஸ்கர் மேடை.

அவருக்குப் போக விருப்பமில்லை. நீங்கள் பாடாவிட்டால் வேறு யாரையாவது வைத்துப் பாடவைப்போம் என்று விழாக்காரர்கள் சொன்னதால்தான் போனார். சூட்டையும் மாட்டிக்கொண்டார்.

* * *

இனி என் கட்சி.

நாம் சினிமாப் பாட்டில் வளர்ந்தவர்கள். சோகப் பாட்டு நமக்குப் புதிதல்ல. ஆனால் நம் சோகத்தில் நாலு பேர் கூட்டு. ஒருத்தர் எழுதுகிறார், ஒருத்தர் மெட்டுப் போடுகிறார், ஒருத்தர் பாடுகிறார், ஒருத்தர் கடற்கரையில் தாடியோடு வாயசைக்கிறார். சோகத்துக்கு ஒரு சிச்சுவேஷனும் உண்டு: காதலி போய்விட்டாள், தங்கை போய்விட்டாள், சொத்து போய்விட்டது. இது கேலி இல்லை. நாலு கில்லாடிகள் சேர்ந்தால் எப்பேர்ப்பட்ட பாட்டு வரும் என்பதற்கு நம்மிடம் நூறு சாட்சி இருக்கிறது.

எல்லியட் விஷயம் வேறு. எழுதுவது, மெட்டு, பாட்டு, கிட்டார், பாஸ், பியானோ, பல பாட்டுகளில் டிரம்ஸ் முதற்கொண்டு எல்லாம் ஒரே ஆள். சிச்சுவேஷன் கிடையாது. குறிப்பாக ஒன்றும் நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் சிச்சுவேஷன். சம்பளம் வந்திருக்கும், உடம்புக்கு ஒன்றுமில்லை, இருந்தாலும் மாடிப்படி ஏறும்போது என்னவோ போல் இருக்கும். அந்த 'என்னவோ போல்' என்பதற்கு நம் சினிமாவில் பாட்டு கம்மி. இவரிடம் ஆல்பம் ஆல்பமாக இருக்கிறது.

அதற்காக இது டைரியைத் திறந்து படிப்பது என்று நினைக்கக் கூடாது. பேட்டிகளில் அவரே அலுத்துப்போய்ச் சொன்னார்: இவை பாட்டுகள், டைரி அல்ல என்று. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான். உள்ளே பார்ப்பதற்கும் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே கொட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. இவர் பார்க்கிறார். பிறகு உட்கார்ந்து செதுக்குகிறார்.

உதாரணம் 'பிட்வீன் தி பார்ஸ்'. இரண்டரை நிமிஷம்கூட இல்லை. முதலில் கேட்டால் தாலாட்டு மாதிரி இருக்கும். யாரோ அன்பாக, என்னோடு இரு, நாளைய கவலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற தொனியில் பேசுகிறார்கள். காதலன் காதலியிடம் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டிருப்போம். நாலைந்து தடவை கேட்ட பிறகுதான் சுரீரென்று உறைக்கும்: பேசுவது பாட்டில். ஆமாம், மதுபாட்டில். குடிக்கிறவனைப் பார்த்து அது கொஞ்சுகிறது. தலைப்பில் 'பார்' என்றால் குடிக்கிற பார், ஜெயில் கம்பி, சங்கீதத்தில் தாள வரிசையைப் பிரிக்கும் கோடு, மூன்றும் உண்டு. தமிழ்க் காதுக்கு நாலாவதாக ஒன்றும் கேட்கும்: பார், கவனித்துப் பார். குடியைப் பற்றி 'குடிக்காதே' என்று ஆயிரம் பேர் பாடியிருக்கிறார்கள். 'ஊத்திக்கடா மாப்ளே' என்றும் ஆயிரம் பேர். குடி எவ்வளவு இனிமையாகப் பேசும் என்று பாடிக் காட்டி நம்மை பயமுறுத்தியவர் எனக்குத் தெரிந்து இவர்தான்.

இன்னொன்று 'வால்ட்ஸ் நம்பர் 2'. 1998-ல் வந்த 'எக்ஸ்.ஓ.' ஆல்பத்தில் இருக்கிறது. வால்ட்ஸ் என்பது மூன்று எண்ணிக்கைத் தாளம். நம்ம பாஷையில் திஸ்ரம், தகிட தகிட. ஜோடி ஜோடியாகக் கைகோத்துச் சுழன்று ஆடுவதற்கென்றே ஏற்பட்டது. இவர் அதில் யாரும் யாரோடும் சேர முடியாத ஒரு குடும்பத்தை உட்காரவைத்துவிட்டார். கால் தாளம் போடும், மனசு கனக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

* * *

இவரைப் பற்றி முன்பு போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஒரு இளைஞர் கடிதம் போட்டிருந்தார். இரண்டு கேள்வி. ஒன்று: இந்த மாதிரி பாட்டு கேட்டால் மனசு இன்னும் கெட்டுப்போகாதா? இரண்டு: குடியும் கஷ்டமும் இருந்ததால்தானே இப்படிப் பாட முடிந்தது?

முதல் கேள்விக்கு என் அனுபவம்: இல்லை. வயிற்றுவலிக்காரனுக்குப் பக்கத்தில் நின்று 'சிரி, சிரி' என்பவனைவிட, 'எனக்கும் இந்த இடத்துலதான் வலிச்சுது' என்பவன் தேவலை. ஆனால் வலி நாளாக நாளாக அதிகமாகிறது, ராத்திரி தூக்கம் போய்விட்டது, எதிலும் பிடிப்பில்லை என்றால் பாட்டு மருந்தல்ல. டாக்டரிடம் போகவேண்டும். காய்ச்சலுக்குப் போவதைப் போலத்தான். இதில் வெட்கம் என்ன?

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் கோபமாகவே பதில் சொல்கிறேன். அது பொய். அழகான பொய், அதனால் இன்னும் ஆபத்தான பொய். கவிஞன் என்றால் குடிக்கணும், கலைஞன் என்றால் சீரழியணும் என்று நம்ம ஊரிலும் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்கிறவர்கள் பெரும்பாலும் பில்லைப் பக்கத்து ஆள் தலையில் கட்டுகிறவர்கள். கணக்கைப் பாருங்கள். 1994-லிருந்து 2000 வரை எல்லியட் சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டிருந்தார். ஆறு வருஷத்தில் 5 ஆல்பம். ஹீட்மைஸர் கணக்கு தனி. பிறகு போதை முற்றியது. விளைவு என்ன? அதைவிடப் பிரமாதமான பாட்டுகளா? இல்லை. 2000-ல் வந்த 'ஃபிகர் 8'-க்குப் பிறகு உயிரோடு இருந்த வரை ஒரு ஆல்பத்தைக்கூட அவரால் முடிக்க முடியவில்லை. 2002 வாக்கில் மேடையில் தன் பாட்டைத் தானே மறந்து பாதியில் நிறுத்தினார். ஒரே வரியை இரண்டு தடவை மயிரிழை பிசகாமல் பாடிய மனிதர்! போதை தந்தது ஒன்றுமில்லை. எடுத்துக்கொண்டதுதான் அத்தனையும்.

கடைசியில் அதையெல்லாம் விட்டுவிட்டு ஆல்பத்தை முடிக்கப் பார்த்தார் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். 2003 அக்டோபர் 21-ல், 34 வயதில், லாஸ் ஏஞ்சலீஸில் இறந்துபோனார். அந்த மரணம் எப்படி நேர்ந்தது என்பதை அதிகாரபூர்வமாக யாரும் தீர்மானிக்க முடியவில்லை. தீர்மானித்தவர்கள் பத்திரிகைக்காரர்களும் ரசிகர்களும்தான். பாட்டு பாட்டாகத் துருவி, பார்த்தியா இங்கேயே சொல்லியிருக்கான், அங்கேயே சொல்லியிருக்கான் என்று ஜோசியம் பார்த்தார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. ஒரு மனிதன் 34 வருஷம் வாழ்ந்தான். செத்தது ஒரு நாள். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு மற்ற எல்லா நாளையும் படிப்பது நியாயமில்லை. 'ஐதர்/ஆர்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ஸே யெஸ்'. தலைப்பே 'சரின்னு சொல்லு' என்பதுதான். உறவு முறிந்த பிற்பாடும் விடிகிறதே என்று ஆச்சரியப்படுகிற பாட்டு. துயரத்தைத் தவிர ஒன்றும் தெரியாதவனால் அதை எழுத முடியாது.

முடிக்காமல் போன ஆல்பம் 2004-ல் வந்தது. பெட்டியில் கிடந்த பழைய பதிவுகளைத் தேடி எடுத்து 2007-ல் 'நியூ மூன்' என்று 24 பாட்டுகள் வெளியிட்டார்கள். லாஸ் ஏஞ்சலீஸ் ஸன்ஸெட் பொலிவார்டில் ஒரு ஆடியோ ரிப்பேர் கடைச் சுவர். சிவப்பும் கறுப்புமாக வளைந்து வளைந்து ஓடும் கோடுகள். அதன் முன்னால் நின்றுதான் 'ஃபிகர் 8' அட்டைக்குப் போட்டோ எடுத்திருந்தார். இறந்த அன்றிலிருந்து ரசிகர்கள் அங்கே மெழுகுவத்தி வைத்துச் சுவரில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். பிற்பாடு கட்டடம் கைமாறி, சுவரில் ஒரு பகுதியை வெட்டிவிட்டார்கள். மிச்சச் சுவரில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

* * *

கேட்டுப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வரிசை. முதலில் 'ஸே யெஸ்'. பிறகு 'பிட்வீன் தி பார்ஸ்'. பிறகு 'ரோஸ் பரேட்'. இந்த மூன்றும் பிடித்தால் 'வால்ட்ஸ் நம்பர் 2'. கடைசியில் பெயரில்லாத மூணாம் நம்பர். தாம்பரம்–பீச் மின்சார ரயிலில் முயற்சி செய்யாதீர்கள். சைதாப்பேட்டை வருவதற்குள் ரயில் ஜெயித்துவிடும். ராத்திரி சாப்பாடு முடிந்து, சீரியல் சத்தம் ஓய்ந்து, ஃபேன் மட்டும் சுற்றுகிற நேரம்தான் சரி. இரண்டு காதிலும் மாட்டிக்கொள்ளுங்கள். பாதி ஆளைக் கேட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

ஒரு விஷயம் விட்டுவிட்டேன். எல்லியட் இரண்டு கைகளிலும் பச்சை குத்தியிருந்தார். ஒரு கையில் டெக்சாஸ் வரைபடம். பிடித்த ஊர் என்பதால் அல்ல, மறந்துவிடக் கூடாது என்பதற்காக. இன்னொரு கையில் ஒரு காளை. 1936-ல் வந்த 'ஃபெர்டினாண்ட்' என்ற குழந்தைக் கதையில் வருகிற காளை. திடகாத்திரமான உடம்பு, சண்டைக்கென்று மாட்ரிட் நகரத்துக்குக் கொண்டுபோய் மைதானத்தில் இறக்கிவிடுகிறார்கள். அது யாரையும் முட்டாமல் நடுவில் உட்கார்ந்துகொண்டு, பெண்கள் கூந்தலில் இருந்த பூவின் வாசனையை முகர்ந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு சீண்டினாலும் எழுந்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

வாடிவாசல் பார்த்துப் பழகிய நமக்கு இப்படி ஒரு காளையா என்று இருக்கும். ஆஸ்கர் மேடையில் அந்த வெள்ளை சூட்டின் சட்டைக் கைக்குள்ளே அந்தக் காளைதான் இருந்தது.

பி.கு.: இதைப் படித்துவிட்டு ஸெலின் டியானைத் திட்டிக் கடிதம் எழுத உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அன்றைக்கு மேடையில் ஸெலினும் பாடகி ட்ரிஷா இயர்வுட்டும் எல்லியட்டும் கைகோத்துத்தான் குனிந்து வணக்கம் சொன்னார்கள். மேடைக்குப் பின்னால் பதட்டமாக இருந்தவரை ஸெலின் அன்பாக விசாரித்து, தைரியம் சொல்லி, கட்டிக்கொண்டாராம். அதற்குப் பிறகு யாராவது அந்த அம்மாளைக் கேலி செய்தால் எல்லியட் பரிந்து பேசுவார். ஆகவே, வேண்டாம்.